எலிக் கூடமும் மைனியின் வலது கையும்

திருநெல்வேலிக்கு வெளியே ஒரு மருந்தியல் கல்லூரியில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தீனி வைக்க வேண்டும், தண்ணீர்ப் புட்டிகளை மாற்ற வேண்டும், கூண்டில் விரித்த உமியை வாரிக் கொட்டிப் புதிது போட வேண்டும், ஒவ்வொன்றையும் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். வீட்டில் எல்லாருமே வயல் வேலை. அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறான். அண்ணன் பொண்டாட்டி, அதாவது என் மைனி, நடவுக்குப் போகிற பெண்களுக்குத் தலைவி மாதிரி. யார் எந்த வரிசையில் நிற்பது, எப்போது கரையேறுவது எல்லாம் அவள் சொல்வதுதான். நாலு வயல் தாண்டிக் கேட்கும் குரல் அவளுக்கு. நான் ஊருக்குப் போனால் அந்தக் குரல்தான் முதலில் வரும். "ஏட்டி, எலியெல்லாம் சௌக்கியமா? அதுகளுக்கு லீவு சொல்லிட்டு வந்தியா?" கூட நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மற்றவர்கள் எலியை விரட்டச் சம்பளம் வாங்குகிறார்கள், நான் வளர்க்கச் சம்பளம் வாங்குகிறேன் என்பது அவள் கேலி. எனக்குக் கோபம் வராது. மைனி கேலி செய்யாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரிக்கு ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். திசையன்விளை தாண்டிக் கடற்கரை ஊர். அப்பா மீன்பிடிப் படகில் போகிறவர். முதல் நாள் நான் "மேடம்" என்று கூப்பிட்டதும், "அக்கா, மேடமெல்லாம் வேண்டாம், சும்மா பிள்ளன்னே கூப்பிடுங்க" என்றாள். அதிலிருந்து எனக்கு அவள் "பிள்ள"தான்.

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி பக்கவாதம் பற்றியது. எலியை மயக்கி, கழுத்துப் பக்கத்து ரத்தக் குழாய் வழியாக மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளே விடுவாள். மூளைக்குப் போகிற ஒரு குழாய் அடைபட்டுப்போகும். ஒவ்வொன்றுக்கும் குறித்த நேரம் கழித்து இழையை உருவிவிடுவாள். ரத்தம் திரும்பவும் ஓடும். இழை உள்ளே இருக்கும்போதே சில எலிகளுக்கு மருந்து, சில எலிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர்; சிலவற்றுக்கு அடைத்த உடனே, சிலவற்றுக்குத் தாமதமாக. எந்தப் புட்டியில் எது என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புட்டிகளில் 'அ', 'ஆ' என்று மட்டும் எழுதியிருக்கும். விவரம் அவளுடைய பேராசிரியரின் மேசைக்குள் ஒட்டிய உறையில் இருந்தது.

அந்த மருந்து எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ரத்தம் நின்ன உடனே மூளை முழுசும் செத்துப்போகாதுக்கா," என்றாள். "நடுவுல உள்ள கொஞ்சம் செல் சீக்கிரம் செத்துரும். அதைச் சுத்தி உள்ளது பட்டினி கிடக்கும், ஆனா உயிரோட கிடக்கும். ரத்தம் திரும்பி வாரது வரைக்கும் அதுகளைச் சாகாம வச்சிருக்க முடியுமான்னுதான் பாக்குதேன்."

எனக்கு உடனே பிடிபட்டது. கால்வாயை அடைத்தால் கடைமடை வயல் அன்றைக்கே காய்ந்துவிடாது. பயிர் வாடித் தலை தொங்கி நிற்கும். ரெண்டு நாளில் தண்ணீர் வந்தால் நிமிர்ந்துகொள்ளும், பத்து நாள் கழித்து வந்தால் வைக்கோல்தான். இதைச் சொன்னதும் அவள் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு, "இத நான் எழுதிக்கிடுதேன்" என்றாள்.

அறுவை சிகிச்சை முடிந்த எலிகளை விளக்குச் சூட்டில் வைத்துக் காப்பது என் பொறுப்பு. சவைக்க முடியாது என்பதால் தீனியைத் தண்ணீரில் குழைத்து வைப்பேன். மறுநாள் சோதனை. வாலைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கினால், நல்ல எலி முன்னங்கால் இரண்டையும் தரையை நோக்கி நீட்டும். மூளையின் இடது பக்கம் அடிபட்ட எலிக்கு வலது முன்னங்கால் மட்டும் நீளாது. மணிக்கட்டு மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். பாதத்தில் சின்னத் துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு, அது எத்தனை வினாடியில் உணர்ந்து பிய்த்துப் போடுகிறது என்றும் பார்ப்போம். பிள்ளை சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன். எதை எழுதினாலும் முதலில் மணியை எழுத வேண்டும் என்பது அவள் கண்டிப்பு.

கடைசியில் அந்த எலிகளைக் கொன்று மூளையை எடுத்தாக வேண்டும். அதை நான் மறைக்க விரும்பவில்லை. முதல் தடவை அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையும் சாப்பிடவில்லை. மூளையைக் காசு மாதிரி மெல்லிசாக நறுக்கிச் சாயத்தில் போடுவாள். உயிரோடு இருந்த பகுதி சிவந்துவிடும். செத்த பகுதி வெளுப்பாகவே கிடக்கும். ஒரு வில்லையில் பாதி வெள்ளையாகவும் பாதி சிவப்பாகவும் பார்த்தபோது எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் கட்டிலில் கிடந்தார். அவர் தலைக்குள் என்ன நடந்தது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அதற்கு அடுத்த பிசான நடவுக் காலம், ஐப்பசி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இருந்தேன். அன்று மைனிக்கு நடவு இல்லை. காலையில் எனக்குத் தோசை சுட்டுப் போட்டு, எதிர்வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, துவைத்த துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனபோது கொடியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஈரச்சேலை பாதி தரையில் கிடந்தது. அதை இடது கையால் தூக்கப் பார்த்தாள்.

"என்ன மைனி, சேலையைத் தரையில போட்டுட்டீங்க?"

திரும்பினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். 'ம்', 'ம்' என்று வந்ததே தவிர சொல் வரவில்லை. வாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது. நான் பார்த்தது அதையல்ல, அவள் வலது கையைத்தான். முழங்கை மடங்கி, மணிக்கட்டு உள்ளே சுருண்டு, நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

ஓடினேன். அவளைப் பிடித்துச் சுவரோரம் உட்காரவைத்தேன். "மைனி, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றேன். இடது கை நீண்டது. வலது கை எழும்பி, தொய்ந்து, மடியில் விழுந்தது. அவள் அந்தக் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். நான் போனை எடுத்து மணி பார்த்தேன். ஒன்பது முப்பத்தைந்து. தோசைச் சட்டியை இறக்கிவிட்டு அவள் பேசிக்கொண்டே போனது ஒன்பதே காலுக்கு.

அண்ணனைக் கூப்பிட்டேன். வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவன் ஓடிவந்தான். அக்கம்பக்கமும் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி, முந்தின நாள் சண்டை போட்டவளேதான், சோடா உடைத்துக்கொண்டு வந்தாள்.

"குடுக்காதீங்க. தொண்டை வேலை செய்யாது, நெஞ்சுக்குள்ள போயிரும்," என்று நான் தடுத்தேன்.

தெருக்கோடியில் இருக்கிற அண்ணாச்சி ஒருவர், "இது வாதம்தான். எண்ணெய் தேய்க்கிற வைத்தியரு ஒருத்தரு இருக்காரு. இப்பவே கார் சொல்லுதேன், கூட்டிட்டுப் போவோம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஏட்டி, நம்ம அப்பாவையும் அங்கனதான கொண்டு போனோம்?"

"அதனாலதான் வேண்டாங்கேன்," என்றேன். "அப்பா ஆறு வருஷம் கிடந்தாரு."

நான் நூற்றியெட்டுக்குப் போன் போட்டேன். அடுத்துப் பிள்ளைக்குப் போட்டேன். அவள் அப்போது மாதா கோவிலில் ஞாயிறு பூசையில் இருந்திருக்கிறாள். வெளியே வந்து எடுத்தாள். நான் கையைச் சொன்னேன், வாயைச் சொன்னேன்.

"கடைசியா நல்லா இருந்தது எத்தன மணிக்குக்கா?"

"ஒம்பதே காலு."

"அப்ப நேரம் இருக்கு. ஸ்கேன் எடுத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடுற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போயிருங்க. நடுவுல எங்கயும் நிக்காதீங்க. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், ஆனா எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குச் சொல்லச் சொல்லுங்க. நான் அங்கன வந்திருதேன்."

ஆம்புலன்சில் வந்தவர் சர்க்கரை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். நான் சொன்ன நேரத்தைத் தன் தாளில் எழுதிக்கொண்டு, திருநெல்வேலிக்குத் தகவல் சொன்னார். வண்டி கிளம்பியது. மைனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. வீரவநல்லூர் வரை அழுதாள். அண்ணன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தான். நான் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அது சூடாகத்தான் இருந்தது. ஆனால் திருப்பிப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களை நிறுத்திவைக்கவில்லை. நேரே ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இளவயது டாக்டர் ஒருவர் வந்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை, குழாயில் அடைப்புதான் என்றார். ஊசி போடலாம், ஆனால் சிலருக்கு அந்த ஊசியாலேயே மூளைக்குள் ரத்தம் கசியலாம், அது ஆபத்து, யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்.

அண்ணன் தாளைக் கையில் வாங்கினான். படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். "நீ சொல்லுட்டி. உனக்குத்தான் தெரியும்" என்றான். வாழ்க்கையில் அவன் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எனக்கு என்ன தெரியும்? எலியைத் தெரியும். இழையைச் சீக்கிரம் உருவிய எலிக்கு வெள்ளைப் பகுதி சின்னது, தாமதமாக உருவிய எலிக்குப் பெரியது. அவ்வளவுதான் தெரியும். "போடச் சொல்லு அண்ணே" என்றேன்.

ஊசி ஏறத் தொடங்கியபோது மணி பதினொன்று இருபது. டாக்டரிடம் நான் கேட்டேன். "சார், ரத்தம் திரும்பி வாரது வரைக்கும் செல்லைச் சாகாம வச்சிருக்க ஒரு மருந்து உண்டுமே, அதையும் சேத்துப் போடுவீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நர்ஸா?"

"இல்ல சார். எலி பாக்குற வேலை."

நான் விவரம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நின்று பதில் சொன்னார். "எலியில நல்லா வேலை செஞ்ச மருந்து நிறைய உண்டும்மா. மனுசங்களுக்குக் குடுத்துப் பார்த்தப்போ பெரும்பாலும் கை குடுக்கல. ஒண்ணு ரெண்டு இப்ப வருது, நாங்களும் குடுத்துப் பாக்கோம். ஆனா இதுதான்னு அடிச்சுச் சொல்ல இன்னும் தைரியம் வரல. இப்போதைக்கு அந்தச் செல்லுங்களைக் காப்பாத்துறது ரத்தம்தான். நீங்க சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்கல்லா, அதுதான் மருந்து."

பிள்ளை வந்து சேர்ந்தபோது நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பூசைக்குப் போட்ட முக்காடு அப்படியே தோளில் கிடந்தது. டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அவரு சொல்லுதது சரிதாங்க்கா. நான் செய்யுதது எல்லாம் இங்கன வந்து சேர எத்தன வருஷமாகுமோ, வராமலே போகுமோ" என்றாள். பிறகு அண்ணனுக்குக் காப்பி வாங்கி வந்து, குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். நர்ஸ் வந்து ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். அண்ணன் என்னை உள்ளே அனுப்பிவைத்தான். மைனி கண் விழித்திருந்தாள். நான் அவள் வலது உள்ளங்கையில் என் ரெண்டு விரலை வைத்தேன். "மைனி, பிடிங்க." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுண்டுவிரல் அசைந்தது. அதற்கப்புறம் மற்ற விரல்களும் பைய வந்து என் விரலைச் சுற்றின. பலமில்லாத பிடிதான். வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். அவன் சட்டென்று எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேச்சு வர நாளானது. மூன்றாவது நாள் மைனி தெளிவாக ஒரு சொல் சொன்னாள், "கதவு." அண்ணன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். அவள் தலையை ஆட்டி, "கதவு, கதவு" என்று கோபப்பட்டாள். திறந்தான். இன்னும் கோபம். கடைசியில் அவள் கண் போன இடத்தைப் பார்த்தால், தண்ணீர்ச் சொம்பு. சொல் மாறி வருகிறது என்று டாக்டர் சொன்னார், பயப்பட வேண்டாம், பழக்கினால் திரும்பும் என்றார். கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் சீப்புக்குச் சாவி என்று பெயர், அண்ணனுக்கு மாமா என்று பெயர். தன் வாயில் தப்பு வருவது அவளுக்கே தெரியும். சில நாள் அதற்காக அழுதாள். சில நாள் அவளே சிரித்துவிட்டாள்.

அதற்கப்புறம் நாலு மாதம் வாராவாரம் ஊருக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்யச் சொன்னால் அவளுக்குச் சலிப்பு வந்துவிடும். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஸ்டிக்கர்ப் பொட்டு அட்டை ஒன்று வாங்கி, அவளுடைய இடது கையில் வரிசையாகப் பத்துப் பொட்டு ஒட்டினேன். வலது கை விரலால் உரித்து அட்டையில் திருப்பி ஒட்ட வேண்டும். நான் போனில் நேரம் பார்த்து நோட்டில் எழுதுவேன். முதல் நாள் மூன்று பொட்டுக்கு மேல் முடியவில்லை. நோட்டைப் பிடுங்கிப் பார்த்த மைனி, சொல்லைத் தேடித் தேடி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"என்னையும்... எலி... ஆக்கிட்ட."

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று சொல்லும் சரியாக வந்திருந்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி தினமும் மாலையில் வந்து இந்தப் பொட்டு விளையாட்டுக்கு உட்கார ஆரம்பித்தாள். மைனிக்குத் தோற்கப் பிடிக்காது. பத்துப் பொட்டையும் எதிர்வீட்டுக்காரிக்கு முன்னால் உரித்து முடித்த நாளன்று எனக்குப் போன் வந்தது. பேசியது மைனியேதான். நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள், ஆனால் குரல் பழைய குரல்.

அந்தக் கோடையில் கல்லூரியில் உறையைப் பிரித்தார்கள். பேராசிரியர் பிரித்தார், பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'ஆ' புட்டிதான் மருந்து. எனக்கு முன்னமே ஒரு சந்தேகம் உண்டு, 'ஆ' புட்டி எலிகள் தீனிக்கு ஒருநாள் முந்தி எழுந்துவரும். வாய் திறக்கக் கூடாது என்பதால் சொல்லாமல் இருந்தேன். சீக்கிரம் மருந்து கொடுத்த எலிகளின் மூளையில் வெள்ளை குறைவாக இருந்தது. தாமதமாகக் கொடுத்தவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளை முதலில் அந்த ரெண்டாவது விஷயத்துக்காகத்தான் வருத்தப்பட்டாள். பேராசிரியர், "ரெண்டுமே பதில்தாம்மா. இதையும் எழுது" என்றார். அவள் எழுதினாள். பட்டம் வாங்கினாள். இப்போது வேறொரு ஊரில் இதே வேலையைத் தொடர்கிறாள். மருந்து ஏற்றிய ஆம்புலன்ஸ் வாசலுக்கே வரும் காலம் பற்றிப் போனில் பேசுவாள். நடக்குமா என்று எனக்குத் தெரியாது. நடக்காது என்று சொல்லவும் எனக்கு மனமில்லை.

மைனி அடுத்த வருடம் ஆனி மாதக் கார் நடவுக்குப் போனாள். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னான். நாற்றை இடது கையில் பிடித்து வலது கையால் நடுவது அவளுக்கு இப்போது மெதுவாகத்தான் வரும். அதனால் வரிசையின் ஓரத்தில் நின்றுகொள்கிறாள். ஆனால் கரையேறச் சொல்வது இன்னும் அவள்தான். ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள்.

போன மாதம் மருத்துவப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். திரும்புகிற பஸ்ஸில் சன்னல் ஓரம் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பேட்டை தாண்டும் முன்னே மைனி அவளுடைய ஊரைக் கேட்டு, மாமியாரைப் பற்றிக் கேட்டு, குழந்தைக்கு மருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நடுவில் ஒரு சொல் சிக்கியது. கொஞ்சம் நின்று, அதைச் சுற்றிக்கொண்டு போய் வேறு சொல்லில் பிடித்தாள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். பாதி வழியில் சேரன்மகாதேவி வந்தது எனக்குத் தெரியாது, தூங்கியிருக்கிறேன்.